சத்தத்துக்கு மார்க் போடாதே, தம்பி

பாம்பன்,
மே மாதக் கடைசி, 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பா, நான், தங்கச்சி எல்லாரும் சுகம். போனில் பேசினால் "ம், சொல்லும்மா, சொல்லும்மா" என்று விரட்டுவாய். நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் தாள். பத்தாவது வரை படித்த கை, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல் கட்டிய போட்டு ஜூன் 14 வரைக்கும் நகராது. 61 நாள். அரசாங்கம் கொடுக்கிற 8,000 ரூபாய் போட்டுக்குப் பெயின்ட் வாங்கவே சரியாகப் போய்விடும். அப்பா காலையில் வலை வேலைக்குப் போய்விட்டுப் பொழுது சாய வருவார். அவர் வந்ததும் தங்கச்சி போனைச் செம்பில் சாய்த்துவைத்து, யூடியூபில் நீ படங்களுக்கு மார்க் போட்டுப் பேசுகிற வீடியோவைப் போடுவாள். கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன். போன வருஷமும் இந்த வருஷமும் நீ தீர்ப்புச் சொன்ன சண்டைப் படம், பேய்ப் படம் பாதிக்கு மேல் பார்த்துவிட்டோம். நாலைந்து படம் ராமநாதபுரத்துத் தியேட்டரில், மற்றதெல்லாம் அந்தச் செம்போரத்தில்.

நீ நன்றாகத்தான் பேசுகிறாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதே.

'கங்குவா'வுக்கு நீ போட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? "காது கிழிஞ்சிருச்சு" என்று சொன்னாய். ஊரே அதைத்தான் சொன்னது. தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னதாகப் பேப்பரில் வந்தது. சரி. ஆனால் நீ அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! நாலு கட்டையில் ஆரம்பித்து எட்டுக் கட்டையில் முடித்தாய், உன் பேச்சுக்கு அடியில் தடதடவென்று ஒரு மேளம். தங்கச்சி ஓடிப்போய் போன் சத்தத்தைக் குறைத்தாள். அப்பா சிரித்துவிட்டு, "படத்தை அப்படியே நடிச்சுக் காட்டுறான்ல" என்றார்.

அன்றையிலிருந்து எனக்கு இதே யோசனை. நீங்கள் எல்லாரும் படத்தைப் பார்க்கிறீர்களா, இல்லை அதோடு போட்டி போட்டுக் கத்துகிறீர்களா?

'வீர தீர சூரன்' படத்தை எடுத்துக்கொள். ஏதோ கோர்ட் வழக்கால் மார்ச் 27 காலைக் காட்சிகள் நின்று, சாயங்காலம்தான் படம் ஓடியது. முதல் பாகம் வராமலே இரண்டாம் பாகம் என்று பேர் வைத்துக்கொண்டு வந்த படம், அந்தத் துணிச்சலே எனக்குப் பிடித்தது. நீ "முதல் பாதி கொஞ்சம் ஸ்லோ" என்று அரை மார்க் குறைத்துவிட்டாய். அந்த மெதுவில்தானே தம்பி சரக்கு இருக்கிறது. மளிகைக்கடையில் பெண்டாட்டி பிள்ளையோடு சும்மா இருக்கிற ஒரு மனுஷன். அவனைப் பழைய கணக்குக்காக ஒரு ராத்திரிக்கு இழுக்கிறார்கள். அவன் கிளம்பும்போது, திரும்பி வருவானா என்று எனக்கு வயிறு பிசைந்தது. அதற்கப்புறம் நடந்த வெட்டு குத்தெல்லாம் அந்த வயிற்றுப் பிசைவுக்குக் கிடைத்த வட்டிதான். பெரிய நடிகர் நடந்து வருவதை நாலு நிமிஷம் மெதுவாகக் காட்டினால் "மாஸ்" என்கிறாய், ஒரு வீட்டை நாலு நிமிஷம் மெதுவாகக் காட்டினால் "ஸ்லோ" என்கிறாய். இது என்ன நியாயம்?

'மகாராஜா'வுக்கு நீ கொடுத்த புகழ் எல்லாம் சரி. சலூன் கடைக்காரர் ஒரு குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கிறார், அவர்கள் கேலி செய்யச் செய்ய நகராமல் நிற்கிறார். அந்த நிற்பில்தான் படம் இருக்கிறது. சண்டைப் படத்தில் கதாநாயகன் அடிக்காமல் நிற்பதை எத்தனை நாளாயிற்று பார்த்து. ஆனால் ஒரு பெண்பிள்ளைக்கு நடந்த கொடுமையைக் கடைசி முடிச்சுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்து எடுத்தார்கள் பார், அதில் எனக்குக் கசப்பு. தியேட்டரில் எல்லாரும் "ஆ" என்று திறமையை வியந்தார்கள். நான் அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு வந்தேன். உன் வீடியோவில் "ட்விஸ்ட் வேற லெவல்" என்று மட்டும் இருந்தது. ஒரு தங்கச்சியோடு வளர்ந்தவன் நீ, இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அதே தியேட்டரில், வேறொரு படத்தில், எனக்கு முன் வரிசையில் ஐந்து வயதுப் பையன். திரையில் கழுத்தறுக்கிறார்கள், அவன் கையில் பாப்கார்ன். இப்போது சென்சாரில் யு/ஏ என்பதையே 7, 13, 16 என்று வயது போட்டுப் பிரித்துத் தருகிறார்கள். போன நவம்பரில் புது விதி வந்ததும் நீதான் எனக்கு விளக்கினாய். உன் வீடியோவில் ஒரு தடவையாவது, "இது 16 போட்ட படம், சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீங்க" என்று சொன்னாயா? தடைக்காலத்தில் குடும்பத்தோடு போகிறவர்கள் உன் பேச்சைக் கேட்டுத்தான் போகிறார்கள்.

உன் தாத்தா ஒரு கதை சொல்வார். 1951-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி'க்குப் பேய் வருகிறது என்று வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்களாம், தமிழில் அதுதான் முதல் ஏ படமாம். வேடிக்கை என்னவென்றால் அதில் பேயே கிடையாது, செத்ததாக நினைத்த ராஜாதான் பேய் மாதிரி வந்து பயமுறுத்துவார். அப்படி இருந்த நாடு!

இப்போது பேய்ப் படத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு உன்னைவிட அனுபவம் அதிகம்.

'அரண்மனை 4'-ஐ நீ சுத்தமாகக் கழித்துக்கட்டினாய். பாதி ஒப்புக்கொள்கிறேன், அந்தக் காமெடி எல்லாம் கூழில் விழுந்த கல். ஆனால் அதில் வரும் பாக் என்ற பேய் அசாம் பக்கத்துக் கதைகளில் உள்ளதாம், குளம் குட்டையில் இருக்குமாம், மீன் என்றால் அதற்கு உயிராம். மீன் திருடுகிற பேயா? நான் முப்பது வருஷமாகக் காக்காயோடும் பூனையோடும் அந்தச் சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தோம். செத்த பிறகும் பிள்ளைகளுக்காகத் தாய் வந்து நிற்கிற இடத்தில் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சிந்தினார். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

'டிமான்டி காலனி 2' பற்றி நீ சொன்னது நூற்றுக்கு நூறு. 2015-ல் வந்த முதல் படத்தில் நாலு பையன்கள், ஓர் அறை, வெளியே போக முடியாது. அவ்வளவுதான் பயத்துக்கு வேண்டியது. இரண்டாவதில் பேய்க்கு ஏன் கோபம், எப்போது வரும், எப்படித் தப்பலாம் என்று கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கிவிட்டார்கள். காரணம் தெரிந்துவிட்டால் பேய் பாதி மனுஷனாகிவிடும்.

'கிங்ஸ்டன்' வந்தபோது இந்தக் கரையே ஆவலாக இருந்தது, கடல் பேய்ப் படம் என்று. தூத்துக்குடிப் பக்கத்து ஊர், கடலுக்குப் போனவன் பிணமாகத்தான் திரும்புவான் என்று ஒரு சாபம். நீ கிராஃபிக்ஸைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாய். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பிணம் வந்தா அது சாபமில்ல, வரம்."

உனக்குப் புரிந்திருக்கும். தெற்குத் தெருவில் ஒரு வீட்டில் இன்னும் பொட்டு அழிக்காமல் ஓர் அம்மா இருக்கிறார். உடம்பு கிடைக்கவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் செத்ததாக எடுத்துக்கொள்ளும் சட்டம். அதுவரைக்கும் அவர் என்ன, சுமங்கலியா, கைம்பெண்ணா? எந்தப் படக்காரராவது வந்து அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு ராத்திரி உட்காரட்டும், கிராஃபிக்ஸே வேண்டாம்.

நான் பயந்த ராத்திரி ஒன்று உண்டு. உனக்கு அப்போது ஏழு வயது, நீ தூங்கிவிட்டாய். கார்த்திகை மாசம், வாடைக்காற்று. விடியக் காலையில் வர வேண்டிய போட்டு மத்தியானம் வரைக்கும் வரவில்லை. கூடப் போன போட்டெல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொரு போட்டுக்கும் இன்ஜின் சத்தம் வேறு. நம் போட்டு மூன்று தட்டு தட்டி ஒரு தடவை இருமும், உனக்கே தெரியும். நான் கரையில் உட்கார்ந்து அந்த இருமலுக்காகக் காதை வைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தது. எட்டு மணி இருக்கும். வேறு ஏதோ போட்டுச் சத்தம் வந்து நின்றது, அது நம்முடையது இல்லை என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அப்பா வருகிறார். தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், பேய் என்றுதான் நினைத்தேன். போட்டுச் சத்தமே கேட்கவில்லையே, ஆள் மட்டும் எப்படி வரும்? வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இன்ஜின் பழுதாகி, இன்னொரு போட்டுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார். அதைச் சொன்ன பிறகும் நான் அவர் கையைக் கிள்ளிப் பார்த்தேன்.

கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் வராமல் போனது, அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. கதவு படாரென்று அடைப்பதும், காதுக்குள் வயலின் கிறீச்சிடுவதும் திடுக்கிட வைக்கும், பயமாக ஆகாது. நீ இரண்டுக்கும் சேர்த்து ஒரே மார்க் போடுகிறாய்.

'பிரமயுகம்' பார்த்தாயே, மம்மூட்டி நடித்த மலையாளப் படம், கறுப்பு வெள்ளை. போனில் தமிழ்ப் பேச்சோடு பார்த்தோம். பசிக்கு ஒதுங்கிய பாட்டுக்காரன், பாழடைந்த மனை, உள்ளே ஒரு கிழவர், ஒரு சமையல்காரர். சாப்பாடு போடுகிறார்கள், போகவிடவில்லை. சோறு போட்டவனை மறுத்துப் பேச முடியாத நிலை இருக்கிறதே, அதைவிடப் பெரிய பேய் எது? கடனுக்கு வலை வாங்கிய குடும்பத்துக்கு அது தெரியும். படம் முடிந்ததும் தங்கச்சி விளக்கை அணைக்க விடவில்லை. நீ அதற்கு "கலைப்படம், எல்லாருக்கும் செட் ஆகாது" என்றாய். நாங்கள் எல்லாரும் யாராம்?

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இந்தக் கடிதமே. "நடுங்க வைக்கும் பத்து பேய்ப் படங்கள்" என்று ஒன்று போட்டாயே, அதன் முகப்பில் தனுஷ்கோடி சர்ச். இடிந்த சுவருக்கு மேலே சிவப்பு நிலா ஒட்டி, ஒரு கறுப்பு உருவத்தையும் நிறுத்தியிருந்தாய். யூடியூப்காரர்கள் எல்லாரும் அதைப் பேய் நகரம் என்றுதான் சொல்கிறார்கள், தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் கடல் அந்த ஊரை விழுங்கியபோது உன் அம்மாச்சிக்குப் பதினாலு வயது, தங்கச்சிமடத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் பிழைத்தார். அவர் அக்காவும் கைக்குழந்தையும் தனுஷ்கோடியில்தான் இருந்தார்கள். பாம்பனிலிருந்து போன ரயிலும் முழுகியது, சிக்னல் கிடைக்காமல் டிரைவர் நீளமாக விசில் அடித்துவிட்டு நகர்ந்தார் என்று சொல்வார்கள். அம்மாச்சி சாகும்வரை ரயில் விசில் கேட்டால் ஒரு நிமிஷம் கையில் இருப்பதை வைத்துவிடுவார். அந்தச் சுவருக்குள் ஜெபம் பண்ணிய சனம் நம்ம சனம், தம்பி. பேய் இல்லை.

பாம்பன் கடல்மேல் புது ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் வீட்டுப் பக்கம் மறுபடி கேட்கிறது. 2022 டிசம்பரில் நின்றது, இந்த ஏப்ரலில்தான் வந்தது. முதல் நாள் விசில் அடித்தபோது நானும் கையில் இருந்த மீனை வைத்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

அப்பா இன்ஜினைக் கழற்றி மாட்டியிருக்கிறார். இருமலைச் சரி பண்ண வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ, சீலா அரைக் கிலோ பார்சலில் வருகிறது. அறை நண்பர்களுக்கும் கொடு, பால்கனியில் வைக்காதே. தடை முடிவதற்குள் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ.

அந்த முகப்புப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடு.

அம்மா