உப்பு – தேவையான அளவு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் 102 வயதுப் பாட்டி ஒருவரின் பேட்டி வந்திருந்தது. காலையில் கம்மங்கஞ்சி, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மதியம் ஒரு கை சோறு, ராத்திரி பால். இதுதான் நீண்ட ஆயுளின் ரகசியம் என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். பாட்டியின் சிரித்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தலைப்பைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் விளாத்திகுளம் வட்டத்தில் 28 ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். திருநெல்வேலியிலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்த 1986-இல் வேலையில் சேர்ந்து 2014-இல் ஓய்வுபெற்றேன். பிறப்பு, இறப்புப் பதிவேடு இரண்டும் என் கையில்தான் இருந்தன. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வரும் பெரியவர்களில் பிறந்த தேதி தெரிந்தவரைப் பார்ப்பது அபூர்வம். “காந்தி வந்தப்ப நான் சமைஞ்சிட்டேன்” என்பார் ஒரு பாட்டி. காந்தி தென்மாவட்டங்களுக்கு வந்தது 1934 தொடக்கத்தில். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவேன். இன்னொருவர் பெரிய சண்டை முடிந்த வருஷம் மூத்தவன் பிறந்தான் என்பார். ரேஷன் அட்டையில் ஒரு வயது இருக்கும், வாக்காளர் அட்டையில் அதைவிட ஏழு வயது கூட இருக்கும். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பிறந்தபோது எழுதிவைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பதிவேட்டுக்குப் பேர்போன ஜப்பானிலேயே 2010-இல் சரிபார்த்தபோது, குடும்பப் பதிவேடுகளில் உயிரோடு இருப்பதாகக் காட்டிய நூறு வயதுக்காரர்களில் 2,30,000 பேருக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, நூறு வயது என்று யார் சொன்னாலும் முதலில் ஆதாரத்தைத்தான் தேடுகிறேன்.

வயது சரியாகவே இருக்கட்டும். கஞ்சிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஆவணங்களோடு உறுதிசெய்யப்பட்டவர்களில் மிக அதிக வயது வாழ்ந்தவர் பிரான்சின் ஜீன் கால்மென்ட். 1997-இல் தம் 122-ஆவது வயதில் இறந்தார். அவருக்குச் சாக்லேட் உயிர், பல காலம் புகையும் பிடித்திருக்கிறார். அதற்காக நாம் பேரப்பிள்ளைகளுக்குச் சிகரெட் வாங்கிக் கொடுப்போமா?

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அம்மா 91 வயதில் இறந்தார். ஜாதகம் எழுதிவைத்திருந்ததால் அந்தக் கணக்கில் சந்தேகம் இல்லை. அப்பா 57-இல் பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் போய்விட்டார். இருவரும் ஒரே பானைக் கஞ்சிதான் குடித்தார்கள். அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டு. அதோடு, கும்பாவில் கஞ்சியை ஊற்றியதும் கல்லுப்பைத் தனியாக அள்ளிப் போட்டுக் கரைப்பார். கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. கரிசல் காட்டில் நாள் முழுதும் வேர்வை சிந்திய வயதில் உடம்பு அதைத் தாங்கியிருக்கலாம். ஐம்பதுக்கு மேல் காட்டு வேலை குறைந்தது, உப்பு அள்ளும் கை குறையவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட அவருக்கு யாரும் ரத்தக்கொதிப்பு பார்த்ததில்லை.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. ஒருவர் வயிற்றுப்போக்கில், ஒருவர் தட்டம்மையில். அவர்களும் கம்பும் கேழ்வரகும் சமைத்த வீட்டுப் பிள்ளைகள்தான். நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்று அது 70-க்குப் பக்கம். அந்தக் காலத்துச் சாப்பாடு, அந்தக் காலத்து ஆயுள் என்று பேசும்போது அந்தப் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் மன்றாட்டு.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. அதை நூறு வயதுக்காரரிடம் தேடக்கூடாது, ஐம்பத்தைந்தில் போனவர்களிடம் தேட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இறப்புப் பதிவேட்டில் கைக்குழந்தைகள் வருவார்கள். காரணம் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’, ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதியிருக்கிறேன். தடுப்பூசி, குழாய்த் தண்ணீர், வாரம் தவறாமல் வந்த கிராம சுகாதார செவிலியர், இவையெல்லாம் சேர்ந்து அந்த வரிகளைக் குறைத்தன. அப்புறம் வேறு சொற்கள் வந்தன. ‘நெஞ்சுவலி.’ ‘பக்கவாதம்.’ ‘சர்க்கரை.’ 2009 மாசி மாதத்தில் மட்டும் மூன்று ஆண்கள். மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், அறுபதைத் தொடாதவர்கள். மூவரோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நான் டீ குடித்திருக்கிறேன். குடியைப் பற்றித் தனிக் கடிதமே எழுத வேண்டும். ‘மஞ்சள் காமாலை’ என்று வீட்டார் சொல்ல, அப்படியே எழுதிக்கொண்ட சில மரணங்களின் உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும்.

அந்த டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஐந்து டீ. ஐம்பது கிராம் அங்கேயே ஆகிவிடுகிறது. முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

2012-இல் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு ரத்தக்கொதிப்பு 170/100 இருந்தது. பரிசோதித்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார்: “உங்க வீட்டுல ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வருது சார்?” ஊரின் நிலக்கணக்கு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அன்றே புதுப் பொட்டலம் வாங்கி, அதன் மேல் பேனாவால் தேதி எழுதினேன். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். 52 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பதரை கிராம். மீன் கழுவியதில் கொஞ்சம் போயிருக்கும், சரி. ஆனால் கடையில் வாங்கிய ஊறுகாயும் அப்பளமும் மிக்சரும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு சின்ன ஸ்பூன்.

என் மனைவிதான் இதைச் சாதித்தார். முதலில் ஊறுகாய் பாட்டில் சாப்பிடும் இடத்திலிருந்து பரணுக்குப் போனது. அப்பளம் விசேஷ நாளைக்கு மட்டும். மோருக்கும் தயிர்ச் சோற்றுக்கும் உப்பு போடுவது நின்றது. ரசத்தில் மிளகும் எலுமிச்சையும் கூடின. முதல் மூன்று வாரம் எல்லாம் சப்பென்று இருந்தது, நான் முகம் சுளித்ததும் உண்டு. மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சாம்பாரை வாயில் வைத்தேன், கரித்தது. அடுத்த பொட்டலம் 66 நாள் வந்தது. இப்போது 90 நாள் வருகிறது. மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். கொதிப்பு 130-ஐ ஒட்டி நிற்கிறது. அப்பாவைவிட இன்று நான் பன்னிரண்டு வயது மூத்தவன்.

ஜப்பானில் நாகானோ என்று ஒரு மலைப் பிரதேசம். பனிக்காலத்துக்காகக் காய்களை உப்பில் ஊறவைத்துச் சாப்பிடும் ஊர். பக்கவாதச் சாவு அங்கே மிக அதிகமாக இருந்தது. ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய், அன்றாடம் குடிக்கும் சூப்பில் எவ்வளவு உப்பு என்று அளந்து சொன்னார்கள். பிற்பாடு அந்த நாட்டிலேயே நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்ற பகுதியாக அது மாறியது. அதற்கு உப்பு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். நிறையக் காய்கறி உண்பார்கள், வயதானாலும் வேலை செய்வார்கள். ஆனாலும் அளந்து பார்ப்பதில்தான் அவர்கள் தொடங்கினார்கள்.

கம்பு வேண்டாம் என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்கக்கூடாது. 2017-இல் தவறான உணவால் உலகில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் முன்னே நின்ற காரணங்கள் மூன்று: உப்பு கூடியது, முழுத் தானியம் குறைந்தது, பழம் குறைந்தது. பாட்டியின் கஞ்சி முழுத் தானியம், நல்லதுதான். நானும் வாரம் இரண்டு நாள் குடிக்கிறேன். ஆனால் சாலையோரக் கூழ் வண்டியில் மோர்மிளகாய், வத்தல், மாங்காய் ஊறுகாய் என்று சுற்றிலும் உப்பை வைத்துக்கொண்டு குடித்துவிட்டு, பாட்டி மாதிரி இருப்போம் என்று நம்பும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அதே ஞாயிறு இணைப்பில் வாராவாரம் சமையல் குறிப்பு வருகிறது. துவரம்பருப்பு 100 கிராம், புளி எலுமிச்சை அளவு, கடுகு அரை ஸ்பூன் என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும் ‘உப்பு – தேவையான அளவு’ என்று விட்டுவிடுகிறீர்கள். வரும் வாரத்திலிருந்து அந்த இடத்தில் கிராம் போடுங்கள். தராசு இல்லாத வீடுகளுக்கு ஸ்பூன் கணக்கில் போடுங்கள். எத்தனை பேருக்கான அளவு என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.
(இறந்தவர்களின் குடும்பங்கள் ஊரில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)