ஃபெரெல்டன் அரியணையில் யார்? டிராகன் ஏஜ் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பயோவேர் நிறுவனத்தின் டிராகன் ஏஜ் படைப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

2024 அக்டோபர் 31 அன்று வெளிவந்த, உங்கள் கற்பனை உலக வீடியோ கேம் தொடரின் நான்காம் பாகமான ‘டிராகன் ஏஜ்: தி வெய்ல்கார்ட்’ குறித்து இந்த மடலை எழுதுகிறேன். 2009 நவம்பரில் முதல் பாகமான ‘ஒரிஜின்ஸ்’ வெளியான நாள்தொட்டு இந்தத் தொடரின் எல்லாப் பாகங்களையும் விளையாடி வந்திருக்கிறேன். நான்காம் பாகத்தையும் கடைசிக் காட்சிவரை ஆடி முடித்து, ஆற அமர யோசித்த பிறகே எழுத உட்கார்ந்தேன். கதையின் திருப்பங்களைத் தொட்டுப் பேச வேண்டியிருப்பதால், இன்னும் விளையாடாதவர்கள் இதைப் பிறகு படித்துக்கொள்வது நல்லது.

நன்றாக அமைந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் தொடக்கப் பகுதியில் மின்ராத்தஸ், ட்ரெவிசோ ஆகிய இரு நகரங்களும் ஒரே நேரத்தில் டிராகன்களின் தாக்குதலுக்கு ஆளாகும்போது, எதைக் காப்பாற்ற ஓடுவது என்று எங்களை முடிவெடுக்க வைத்தீர்கள். கைவிடப்பட்ட நகரம் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அந்த ஊரைச் சேர்ந்த கூட்டாளியின் மனமும் அதோடு இறுகிவிடுகிறது. இறுதி அத்தியாயத்தில் யாரை எந்தப் பணிக்கு அனுப்புகிறோம் என்பது உயிர்போகும் விஷயமாகவே இருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் உங்களிடம் இருக்கின்றன என்பதால்தான் மற்ற பகுதிகள் இவ்வளவு வலிக்கின்றன.

‘ஒரிஜின்ஸ்’ விளையாட்டில் நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்தது மந்திரவாதியின் பின்னணியை. கோபுரத்தில் ஜோவன் என்றொரு நண்பன். காதலியோடு தப்பிப் போக உதவி கேட்கிறான். உதவச் சென்ற இடத்தில் அவன் தடைசெய்யப்பட்ட ரத்த மந்திரத்தைக் கற்றவன் என்பது தெரியவருகிறது. எல்லாரையும் விட்டுவிட்டு ஓடிப்போகிறான். பல மணி நேரம் கழித்து, ரெட்கிளிஃப் கோட்டையின் நிலவறையில் ஒரு சிறைக் கம்பிக்குப் பின்னால் அவனை மறுபடியும் பார்த்தேன். கோட்டையின் பிரபுவுக்கு நஞ்சு வைத்தவன் அவன்தான். வேறு பின்னணியில் விளையாடுபவருக்கு அவன் முன்பின் தெரியாத ஒரு கைதி. எனக்கோ பெயர் சொல்லி அழைக்கும் பழைய தோழன். அவனைத் திறந்துவிடுவதா, கொல்வதா, அப்படியே விட்டுச் செல்வதா என்ற கேள்வி இருவருக்கும் ஒன்றுதான் என்றாலும், விசைப்பலகையில் நின்றுபோன என் விரலின் கனத்தை அந்த முதல் சில மணி நேரம்தான் கூட்டியது. நான் யார் என்பதை ஒரு விளையாட்டு மறக்காமல் வைத்திருந்து உரிய இடத்தில் எடுத்து நீட்டியதை அன்றுதான் கண்டேன்.

பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொடரைத் தாங்கி நின்றது அந்த நினைவாற்றல்தான் என்பது என் உறுதியான கருத்து. 2011 மார்ச்சில் வந்த இரண்டாம் பாகம் அவசரமாகத் தயாரிக்கப்பட்டது. ஒரே குகையையே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்பச் சுற்றிவந்தோம். ஆனாலும் முதல் பாகத்தில் நாங்கள் எடுத்த முடிவுகள் பதிந்த சேவ் ஃபைலை அது வாங்கிக்கொண்டது. ஃபெரெல்டன் நாட்டின் அரியணையில் நான் அமர்த்தியவரையே அரசராக ஏற்றுப் பேசியது. 2014இல் புதிய தலைமுறைக் கருவிகளுக்குப் பழைய ஃபைல்களைக் கொண்டுசெல்ல முடியாமல் போனபோது, ‘டிராகன் ஏஜ் கீப்’ என்ற தளத்தையே கட்டி, முந்தைய இரண்டு பாகங்களின் நூற்றுக்கணக்கான முடிவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து மூன்றாம் பாகமான ‘இன்க்விசிஷன்’ விளையாட்டுக்குள் எடுத்துச் செல்ல வழி செய்தீர்கள். ஆட்டக்காரரின் கடந்த காலத்துக்கு அத்தனை மரியாதை கொடுத்த குழு வேறொன்றை நான் பார்த்ததில்லை. 2015இல் வந்த ‘ட்ரெஸ்பாஸர்’ இணைப்பில், தன் வீரர்களைப் பலிகொடுக்கும்படி நாம் முன்பு சொல்லியிருந்தால் கூட்டாளியான அயர்ன் புல் நமக்கு எதிராகவே ஆயுதம் தூக்குவான். எப்போதோ எடுத்த ஒரு முடிவுக்கு அப்போது கணக்குத் தீர்க்கப்பட்டது.

அந்த வரிசையில் வந்த ‘வெய்ல்கார்ட்’ எங்களிடம் கேட்டவை மூன்றே கேள்விகள்: மூன்றாம் பாகத்தின் நாயகரான இன்க்விசிட்டர் யாரைக் காதலித்தார், இன்க்விசிஷன் அமைப்பு கலைக்கப்பட்டதா, பழைய கூட்டாளியான சோலஸைத் தடுத்து நிறுத்த உறுதி பூண்டாரா மனம் திருப்ப உறுதி பூண்டாரா. மூன்றும் ஒரே பாகத்தைச் சேர்ந்தவை. ஃபெரெல்டனை யார் ஆளுகிறார் என்று கேட்கவில்லை. மூன்றாம் பாகத்தில் துயரக் கிணற்றின் நீரைக் குடித்தது யார் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த நீரைக் குடித்திருக்கக்கூடிய, முதல் பாகத்துக் கூட்டாளியான மோரிகன் நேரில் வந்து நின்று பேசுகிறாள். அவளுக்கு ஒரு மகன் உண்டா இல்லையா என்பது முதல் பாகத்தின் ஆகப் பெரிய முடிவைப் பொறுத்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் வாய் திறப்பதே இல்லை. ஃபேட் என்ற ஆவி உலகத்தில் விட்டுவரப்பட்டது இரண்டாம் பாகத்தின் நாயகன் ஹாக்கா வேறொருவரா என்றும் நீங்கள் கேட்கவில்லை. ஹாக்கின் உற்ற நண்பன் வாரிக் எங்கள் கூடவே இருக்கிறான். தன் நண்பன் உயிரோடிருக்கிறானா இறந்துவிட்டானா என்பது அவனுக்கே தெரியாததுபோல் எழுதப்பட்டிருக்கிறான்.

கதை வடக்கே நடப்பதால் தெற்கில் நடந்த பழைய முடிவுகளுக்கு அங்கே பெரிய வேலையில்லை, பெயரளவில் ஒரு வசனம் வைப்பதைவிட தொடாமல் விடுவதே மேல் என்ற விளக்கம் உங்கள் தரப்பிலிருந்து வந்தது. அதில் நியாயம் இருப்பதாகவே முதலில் நினைத்தேன். ஆனால் தெற்கை நீங்கள் தொடாமல் விடவில்லையே. இன்க்விசிட்டர் அனுப்பும் கடிதங்கள் இடையிடையே வந்து சேர்கின்றன. பிளைட் நோய் தெற்கைத் தின்றுகொண்டிருப்பதையும், நாங்கள் மூன்று பாகங்களாகக் காத்துநின்ற நிலம் சரிந்துகொண்டிருப்பதையும் சில பத்திகளில் அவை சொல்லி முடித்துவிடுகின்றன. யார் அரசர் என்று கேட்க இடமில்லாத கதையில், அந்த அரசரின் நாடு அழிவதற்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது. ஆட்டத்தின் வேறெந்தக் காட்சியையும்விட அந்தக் கடிதங்கள்தான் என்னை அதிகம் வருத்தின.

உலகத்தின் முரட்டு விளிம்புகளும் தேய்க்கப்பட்டுவிட்டன. ஆன்டிவா நாட்டின் ‘காகங்கள்’ என்ற கொலைகாரக் கூட்டம் சிறு பிள்ளைகளை விலைக்கு வாங்கி வதைத்துப் பழக்குகிறது என்பதை, அப்படி வாங்கப்பட்டவனான ஜெவ்ரன் முதல் பாகத்தில் கூடாரத் தீயின் அருகே சர்வசாதாரணமாகச் சொல்லுவான். அந்தச் சாதாரணக் குரல்தான் நெஞ்சை அறுத்தது. நான்காம் பாகத்தில் அதே கூட்டம் ட்ரெவிசோ மக்களின் காவலர்களாக, பாசமுள்ள ஒரு குடும்பமாக வருகிறது. டெவின்டர் பேரரசு அடிமைகளின் முதுகில் கட்டப்பட்டது என்று மூன்று பாகங்களாகக் கேட்டு வந்தோம். கடைசியில் அதன் தலைநகருக்கே வந்து சேர்ந்தபோது, அடிமை முறை கதையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. காகங்கள் மாறியிருக்கலாம், டெவின்டரும் மாறியிருக்கலாம். மாறியது எப்படி என்பதைச் சொல்லியிருந்தால் அதுவே ஒரு நல்ல கதையாகியிருக்கும்.

கூட்டாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஒரிஜின்ஸ்’ விளையாட்டில் புனிதச் சாம்பலில் டிராகனின் ரத்தத்தை ஊற்றினால், கூட இருக்கும் லெலியானாவும் வின்னும் அந்த இடத்திலேயே வாளையும் மந்திரக்கோலையும் நம்மீது திருப்புவார்கள். அவர்களுக்கென்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதைக் காக்க நம்மைக் கொல்லவும் துணிந்தார்கள். ‘வெய்ல்கார்ட்’ கூட்டாளிகள் சண்டையிட்டாலும் விரைவில் சமாதானமாகிவிடுகிறார்கள். தாங்கள் என்ன உணர்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் முழுமையாக விளக்கிக்கொள்கிறார்கள். நாம் ஏற்று ஆடும் நாயகப் பாத்திரமான ரூக்காக எதைத் தேர்ந்தெடுத்துப் பேசினாலும், பெரும்பாலும் மாறுவது குரலின் தொனி மட்டுமே. கூட்டாளிகள் யாரும் நம் செயலை ஏற்க முடியாமல் நிரந்தரமாகப் பிரிந்து போவதில்லை. பிரிந்து போகும் சுதந்திரம் இல்லாதவர்கள் உடன் இருப்பதில் எனக்குப் பெருமை தோன்றவில்லை.

சண்டை முறை மாறியதைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கூட்டாளிகளை நேரடியாக இயக்க முடியாமல் போனது மட்டும் ஓர் இழப்பு.

இந்த விளையாட்டு எத்தனை கை மாறி, எத்தனை முறை கலைத்துக் கட்டப்பட்டது என்பது செய்திகளில் வந்ததுதான். தொடக்கத் திட்டம் 2017இல் கைவிடப்பட்டது. பிறகு பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டாக மாற்ற முயன்றார்கள். அதுவும் கைவிடப்பட்டு, மீண்டும் ஒருவர் ஆடும் கதை விளையாட்டாகத் திருப்பப்பட்டது. இடையில் 2023 ஆகஸ்டில் உங்களில் சுமார் 50 பேர் வேலையிழந்தீர்கள். அந்த நெருக்கடிக்குள் இருந்துகொண்டு, வெளியான நாளிலேயே பெரிய பிழைகள் இல்லாமல் ஓடும் ஒரு விளையாட்டை முடித்துக் கொடுத்த உழைப்பை நான் மதிக்கிறேன். என் வருத்தம் அந்த உழைப்பாளிகள் மீதானதல்ல.

2025 ஜனவரியில், விளையாட்டை ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர், இது எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 50 சதவீதம் குறைவு என்று உங்கள் தாய் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. அடுத்த மாதமே அதன் தலைவர், நல்ல கதையோடு கூடவே, பகிர்ந்து வாழும் உலக அம்சங்களையும் ஆழமான ஈடுபாட்டையும் ஆட்டக்காரர்கள் மேலும் மேலும் தேடுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பேச்சுதான். நாங்கள் தேடிய பகிர்ந்து வாழும் உலகம் எங்களுக்கும் உங்களுக்கும் இடையில் முன்பே இருந்தது. நாங்கள் முடிவெடுத்தோம், நீங்கள் மறக்காமல் வைத்திருந்தீர்கள். நீங்களே 1998இல் தொடங்கிய ‘பால்டர்ஸ் கேட்’ தொடரின் மூன்றாம் பாகத்தை 2023இல் வேறொரு குழு உருவாக்கியபோது, ஆட்டக்காரரின் சின்னஞ்சிறு முடிவுகளைக்கூடக் கணக்கில் வைத்துக்கொள்ளும் அதன் பொறுமைக்காகவே மக்கள் அதைக் கொண்டாடினார்கள். ‘வெய்ல்கார்ட்’ தோற்றதற்கு இணைய அம்சங்கள் இல்லாததைக் காரணம் காட்டி அடுத்த பாகத்தைத் திட்டமிட்டால், பிழை இருந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ மருந்து போடுவதாக ஆகிவிடும்.

ஐந்தாம் பாகம் ஒன்று வருமா என்று தெரியவில்லை. வந்தால், உலகம் முழுவதையும் காட்ட வேண்டாம். ஒரே நகரம் போதும், பழைய குகைகளையே மறுபடி தந்தாலும் பொறுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஃபெரெல்டனின் அரியணையில் யார், கிணற்று நீரைக் குடித்தது யார், ஃபேட் உலகத்தில் தங்கிப்போனது யார் என்று எங்களைக் கேளுங்கள். சொன்ன பதிலை ஜோவன் இருந்த நிலவறையைப் போன்ற ஓர் இடத்தில், நாங்கள் எதிர்பாராத நேரத்தில், எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அன்புடன்,
2009 முதல் உங்கள் தொடரை விளையாடி வரும் ஒருவர்