கிணற்றில் எத்தனை உறை என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் வளர்ந்தவர்கள் பழைய நாள்களைப் பற்றி எழுதும் குறிப்புகள் இப்போது நிறையவே வருகின்றன. ஏரிக் குளியல், மீட்டர் கேஜ் ரயிலின் ஜன்னலோரம், ராத்திரியில் வாசலில் போட்ட கயிற்றுக் கட்டில். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் அதே குறிப்பு அம்பத்தூருக்கும் பொருந்தும், மடிப்பாக்கத்துக்கும் பொருந்தும். எந்த ஏரி, எந்தக் கரை, எந்த வருஷம் என்பது எழுத்தில் வருவதில்லை. அது தெரிந்தவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனபின் பழைய நகராட்சி, பேரூராட்சி எல்லைகளே பேச்சிலிருந்து மறைந்து வருகின்றன. பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையைக் குடியிருப்போர் சங்கங்கள் இந்த வருஷமே தொடங்க வேண்டும். தொடங்குகிறவர்களுக்காக, செய்யும் முறையை எழுதுகிறோம்.

முதலில் கேள்வியை மாற்ற வேண்டும். “அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “சொர்க்கம் மாதிரி இருந்தது” என்ற பதில்தான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “உங்கள் வீட்டுக் கிணற்றில் எத்தனை உறை (கிணற்றுச் சுவருக்கு அடுக்கும் வளையம்) இறக்கினார்கள்? சித்திரை மாசத்தில் எத்தனை உறைக்குத் தண்ணீர் நின்றது?” என்று கேளுங்கள். தண்ணீர் சேந்திய பெண்களுக்கு இது அத்துப்படி. எந்த வருஷம் கயிற்றை நீட்ட வேண்டியிருந்தது, எப்போது கிணறு வற்றி போர் போட்டார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். சிமெண்டு உறை பெரும்பாலும் ஓரடி உயரம் இருக்கும். ஆனால் கிணற்றுக்குக் கிணறு மாறும் என்பதால், திறந்திருக்கும் கிணறானால் மேல் உறையை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மொத்த உறையிலிருந்து தண்ணீர் நின்ற உறையைக் கழித்து, மீதியை ஓர் உறையின் உயரத்தால் பெருக்கினால், ஒரு தெருவின் நிலத்தடி நீர் எத்தனை அடி ஆழத்தில் இருந்தது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும். நாலைந்து வீட்டுக் கணக்கு ஒத்துப்போனால் நம்பலாம். பல வருஷமாக மூடிக் கிடக்கும் கிணற்றின் பலகையை மட்டும் எடுக்காதீர்கள். உள்ளே விஷவாயு தங்கியிருக்கும். சில கிணறுகள் கழிவுநீர்த் தொட்டியாகவும் மாறியிருக்கின்றன.

அடுத்தது வருஷம். மனசு இரண்டு வெள்ளத்தை ஒன்றாக்கிவிடும். பத்து வருஷம் முன்பின்னாகவும் போகும். “எந்த வருஷம்?” என்று நேராகக் கேட்டால் தப்பாகச் சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த நாள்களை முளைபோல் அடித்துக்கொண்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும். சென்னையில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1975. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயில் நின்றது 2004. அதே வருஷக் கடைசியில் சுனாமி. “பாப்பா பிறப்பதற்கு முன்னா?” என்பதும் நல்ல முளைதான். முக்கியமாக, பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. “ஏரி இங்கே வரைக்கும் இருந்ததில்ல?” என்று கேட்டால், மரியாதைக்காக “ஆமாம்” என்பார்கள்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். “முழங்கால் அளவு” என்று ஒருவர் சொன்னால், சாலையில் நின்றபோதா, வீட்டுக்குள்ளா என்று கேட்க வேண்டும். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, பல தெருக்களில் பழைய வீட்டின் வாசற்படிகள் புதைந்துவிட்டன. அதனால் எந்த அளவையும் சாலையிலிருந்து எடுக்காமல், வீட்டுத் தரையிலிருந்து எடுங்கள். முன்பு எத்தனை படி ஏறினோம், இப்போது எத்தனை படி தெரிகிறது என்று கேட்டாலே சாலை எவ்வளவு உயர்ந்தது என்பது வெளியே வரும். ஒரு படிக்கு அரை அடி என்று வைத்தாலும் மூன்று படி புதைந்திருந்தால் ஒன்றரை அடி. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வந்த தண்ணீரையும், அதற்கு முன்பு வாசலோடு நின்ற தண்ணீரையும் ஒப்பிட வேறு வழியே இல்லை.

இதையெல்லாம் ஒரு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். நில அளவைத் துறையின் கிராம வரைபடத்தில் ஏரி, தாங்கல் (சிறிய ஏரி), கால்வாய் எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கும். அதைப் பெரிதாக்கி ஏ-3 தாளில் நகலெடுத்து மேஜையில் விரித்துவையுங்கள். மதகு (ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் வாய்) எங்கே, கலங்கல் (நிரம்பிய தண்ணீர் வழியும் இடம்) எங்கே, போக்குக் கால்வாய் எந்தத் தெரு வழியாகப் போனது என்று பெரியவர்கள் பென்சிலால் காட்டட்டும். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டும். நடுவே இருந்த சின்னச் சின்ன வாய்க்கால்கள்தான் வரைபடத்திலும் இல்லாமல் தரையிலும் இல்லாமல் போனவை. சொல்வது சரிதானா என்று பார்க்கப் பழைய கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைப் படியுங்கள். “வடக்கே வாய்க்கால்” என்று எழுதியிருந்தால் அதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை. செக்குபந்திப் பத்தியை மட்டும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

ஒலிப்பதிவுக்குப் போன் போதும். ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுகிறவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்; அந்த இரைச்சலைப் பிறகு முழுதாக எடுப்பது கஷ்டம். தொடக்கத்தில் தேதி, பேசுபவர் பெயர், தெரு, குடிவந்த வருஷம் நான்கையும் சொல்லிவிடுங்கள். முக்கால் மணிக்கு மேல் போனால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்தால் பெரும்பாலும் அவர்தான் பேசுவார், அந்தம்மா தலையாட்டுவார், தனித்தனியாகக் கேளுங்கள். ரயில், பஸ், சீசன் டிக்கெட் விவரம் ஒருவரிடம் இருந்தால், தண்ணீர், ரேஷன், மண்ணெண்ணெய், பால்கார்டு விவரம் இன்னொருவரிடம் இருக்கும். வெளியிடலாமா, எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்பதைக் கையெழுத்தோடு வாங்கிவிடுவது நல்லது.

பழைய போட்டோக்கள் சீரழிவது பெரும்பாலும் நம் கையால்தான். பிசின் தடவிய, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்திலிருந்து இழுத்தால் படம் கிழியும். பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, மெல்ல அறுப்பதுபோல் நகர்த்துங்கள். வரவில்லையென்றால் ஆல்பத்தோடே ஸ்கேன் செய்துவிடலாம். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தபால் அட்டை அளவுப் படத்தை ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். பின்பக்கம் மையூற்றுப் பேனாவும் வேண்டாம், பால்பாயிண்டும் வேண்டாம். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் விவரம் போய்விடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பெண்ணைவிடப் பின்னால் தெரியும் மின்கம்பம், மதில், காலி மனை, தண்ணீர்த் தொட்டி நமக்கு முக்கியம். ஓரத்தை வெட்டி அழகுபடுத்தினால் போவது அதுதான்.

சேர்ந்ததை மூன்று பிரதியாக வையுங்கள்: சங்கத்தின் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொருவர் வீட்டில் ஒன்று, அச்சிட்டுக் கிளை நூலகத்தில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கைத் தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். கிணறு, வாய்க்கால், வெள்ள அளவு அடங்கிய பக்கங்களை மட்டும் தனியே நகலெடுத்து, மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புது வடிகால் தோண்டும் முன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். தங்கள் நாளிதழ் இப்படிச் சேரும் தெருக் குறிப்புகளுக்கு வாரம் அரைப்பக்கம் ஒதுக்கினால், மற்ற சங்கங்களும் முன்வரும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சிலர்,
கிழக்குத் தாம்பரம்.