மண்ணின் இறுக்கத்தையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

மண்வளம் என்றாலே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்றுதான் பேசுகிறோம். மண்ணின் கட்டமைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் துளைகள்தான். காற்றும் நீரும் அங்கேதான் தங்குகின்றன. ஈரம் காயும் முன்பே கனமான டிராக்டரை இறக்கினால் அந்தத் துளைகள் நசுங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுதால், கலப்பை படும் மட்டத்துக்குக் கீழே கெட்டியான அடுக்கு உருவாகிறது. வேர் அதைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் வளைகிறது. மழைநீரோ உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் எவ்வளவு உரம் போட்டு என்ன பயன்?

காட்டு மண்ணின் காய்ந்த கட்டியையும், ஓயாமல் உழுத வயலின் கட்டியையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வயல்கட்டி பெரும்பாலும் சீக்கிரமே கரைந்துவிடும். மண்துகள்களைப் பிடித்துவைக்க அதில் போதிய மட்கு, அதாவது மக்கிய இலைதழை, இல்லை. மண் பரிசோதனையில் இறுக்கத்தையும், நீர் இறங்கும் வேகத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.