ஷூட்டிங் இடம் காட்ட வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். தை பிறந்ததும் ஆபீஸ் சிநேகிதர்கள் பன்னிரண்டு பேரோடு வருவதாகவும், சீரியலில் பார்த்த பாம்பனையும் தனுஷ்கோடியையும் கைடு வைக்காமல் நீயே கூட நின்று காட்டப்போவதாகவும் சொன்னாய். தாராளமாகக் காட்டு. ஆனால் ஊர் சுற்றிக் காட்டுவது வேறு, ஷூட்டிங் இடம் காட்டுவது வேறு. கோயில் பார்க்க வருகிறவருக்குக் கோயில் போதும். சீரியல் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, கேமரா நின்ற இடத்தில் தானும் நிற்க வேண்டும். பத்தடி தள்ளி நிறுத்தினால்கூட "இதுவா அது?" என்று முகம் விழுந்துவிடும். அதனால் போனில் சொல்லாமல் எழுதியே அனுப்புகிறேன்.

கிளம்புவதற்கு முன்னே அங்கேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பார்க்கப்போகும் காட்சிகளை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடு. பதினைந்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாளில் அதற்கு மேல் காட்ட முடியாது. போனிலேயே வைத்துக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. தனுஷ்கோடி மணலில் ஒன்பது மணி வெயிலுக்கு மேல் போன் திரையில் உன் முகம்தான் தெரியும். ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, பளபளப்பு இல்லாத மேட் லேமினேஷன் போடு. ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக்கொள், இல்லாவிட்டால் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் மார்க்கரால் எழுத வேண்டியது: எந்த இடம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, காலையா மாலையா, ஏறத்தாழ எந்தக் காலம்.

காலையா மாலையா என்பதை நிழல் சொல்லிவிடும். எந்தக் காலம் என்பதற்கு எங்கள் ராமேஸ்வரம் தீவில் நல்ல அடையாளங்கள் இருக்கின்றன. பாம்பன் ரயில் பாலம் வந்தால் தண்டவாளத்தைப் பார். 2007-இல்தான் பாதை அகலமானது. குறுகலான மீட்டர் கேஜ் ரயில் ஊர்ந்து வந்தால் அது அதற்கு முந்தைய காட்சி. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் போக வழிவிடும்போது நடுவிலுள்ள இரண்டு இறக்கைகளும் இரு பக்கமாக மேலே எழும்பின, ஆட்கள் கையால் தள்ளித்தான் திறந்தார்கள். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி படுத்தவாக்கிலேயே 17 மீட்டர் மேலே போகும். உன் கூட வருகிறவர்களில் யாராவது ஒருவர் "கை விரிக்கிற மாதிரி திறக்குமே, அந்தப் பாலம் எங்கே?" என்று கட்டாயம் கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

தனுஷ்கோடிக்கு அடையாளம் தார் ரோடு. 2017-க்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்தது, அதற்கு அப்பால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பும் வேனும்தான் போகும். இப்போது சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் தார் போட்டு அரிச்சல்முனை வரை வண்டி போகிறது, கடைசியில் அசோகச் சின்னத் தூண் நிற்கிறது. காட்சியில் ரோடும் தூணும் இல்லாமல் வெறும் மணலாகவே தெரிந்தால் ஒன்று பழைய காட்சி, அல்லது கேமராமேன் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். ரெண்டாவதுதான் அதிகம். நீயும் ஆட்களை அப்படியே ரோட்டுக்கு முதுகு காட்ட வைத்து நிறுத்து, பாதிப் படம் தானாக ஒத்துப்போகும்.

மீதிப் பாதியை ஒத்துப்போக வைப்பதில்தான் வித்தை. தனுஷ்கோடியில் புயலில் இடிந்த தேவாலயத்தை எடுத்துக்கொள். பிரிண்டில் கிட்டத்தில் இருக்கிற ஒரு பொருளையும் தூரத்தில் இருக்கிற ஒரு பொருளையும் தேர்ந்தெடு: கிட்டத்துக்குப் பீடத்துச் சுவரின் வளைவு, தூரத்துக்கு அதன் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் ஒரு கம்பமோ சுவரோ. வளைவின் விளிம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே படத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதே இடைவெளி வரும்வரை இடமும் வலமுமாக நகர்ந்து பார். அது சரியானதும் பக்கவாட்டில் அசையாதே. இனி முன்னும் பின்னும் மட்டும். வளைவோடு ஒப்பிடும்போது கம்பம் படத்தைவிடச் சின்னதாகத் தெரிந்தால் நீ வளைவுக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறாய், பின்னால் போ. கடைசியில் உயரம். சீரியல்காரர்கள் இடிந்த சுவரைப் பெரிதாகக் காட்டக் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிடுவார்கள், அதனால் குந்தி உட்கார்ந்து பார். இடம் கிடைத்ததும் அங்கே ஒரு கல்லை வை. நடிகர் நின்ற இடத்தில் இன்னொரு கல். யூனிட்டில் இதற்கு மார்க் என்பார்கள்.

போன் கேமராவில் படம் பிடிக்கும்போது எல்லாரும் செய்கிற தப்பு, ஜூமை ஒன்று என்ற எண்ணிலேயே வைத்துக் கிட்டப் போவது. அது அகலமான லென்ஸ், பின்னணியைத் தள்ளிச் சின்னதாக்கிவிடும். ரெண்டிலோ மூன்றிலோ வைத்துப் பின்னால் நடக்கச் சொல். கடல் முதுகில் வந்து சாய்வதுபோல் சீரியலில் தெரிகிறதே, அது அப்படித்தான் வருகிறது.

பன்னிரண்டு பேரும் தனித்தனியாக அந்த மார்க்கில் நின்று படம் எடுக்க ஆளுக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் முப்பத்தாறு நிமிஷம். மூன்று மூன்று பேராக நாலு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டம் மார்க்கில் நிற்கும்போது மற்றவர்கள் சுற்றிப் பார்க்கட்டும். ஒரே இடத்தில் முக்கால் மணிக்கு மேல் நிற்காதே, வெயில் ஏறிவிடும்.

கதை சொல்வதையெல்லாம் வேனுக்குள்ளேயே சொல்லி முடித்துவிடு. இறங்கிவிட்டால் காற்றில் நாலடி தள்ளி நிற்பவருக்குக்கூட நீ சொல்வது கேட்காது. சீரியல் வசனத்தையே அங்கே எடுத்த சத்தத்தில் போடமாட்டார்கள், டப்பிங்கில்தான் சேர்ப்பார்கள். வண்டியிலேயே பிரிண்டைக் கையில் கொடுத்து, எதைத் தேட வேண்டும் என்று சொல்லி இறக்கு. இறங்கியபின் கையை நீட்டினால் போதும்.

முன்கூட்டியே உடைத்துச் சொல்ல வேண்டிய ஏமாற்றங்களும் உண்டு. ரெண்டு பக்கமும் கடல், நடுவே நேர்கோடாக ரோடு என்று வருமே, அது ட்ரோன் ஷாட். தரையில் நின்றால் பல இடத்தில் மணல்மேடு மறைத்துவிடும். அதை எடுக்கலாம் என்று யாரும் ட்ரோனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எதிரே இலங்கை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், உன் நாளும் போகும். அடுத்தது கதாநாயகியின் வீடு. கதவைத் திறந்தால் கடல் தெரியும், ஆனால் கதவுக்கு உள்பக்கம் பெரும்பாலும் சென்னை செட். நடுக்கடல் காட்சி என்று தெரிவதும் அநேகமாகக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கேமராவைக் கரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி எடுத்ததாக இருக்கும். இதையெல்லாம் சொன்னால் ஆர்வம் குறைந்துவிடும் என்று பயப்படாதே. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வதில் வருகிறவர்களுக்குத் தனி ருசி.

கடல் நிறத்தையும் கவனி. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று நம் ஊரில் சொல்வது உனக்குத் தெரியும். ஆனி, ஆடியில் தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது வடக்கே குளம்போல் கிடக்கும். கார்த்திகை, மார்கழி வாடையில் பெண்கடலும் சீறும். அரிச்சல்முனையின் மணல் நுனியும் இந்தக் காற்றுகளுக்குத் தக்கபடி வளைந்து, நீண்டு, குறைந்து போகும். சீரியலில் பார்த்த அதே நுனியில் நிற்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அந்த மணலே இப்போது அங்கே இல்லை என்று சொல்லிவிடு. அங்கே குளிக்கவும் விடாதே, கரையோரமே இழுவை அதிகம். குளித்தே ஆக வேண்டும் என்றால் மறுநாள் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போ.

இனி நாள் எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். தையில் ஆறரை மணிவாக்கில் சூரியன் கிளம்பும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். செக்போஸ்ட்டில் எப்போது விடுவார்கள் என்பதை முந்தின நாளே விசாரித்துக்கொள், அந்த நேரம் மாறும். அதனால் சூரியோதயம் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. அஸ்தமனத்தைத் தனுஷ்கோடித் திட்டத்தில் வைக்கவே வைக்காதே, வெளிச்சம் இருக்கும்போதே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். முதலில் நேரே முனைக்குப் போய், திரும்பும் வழியில் தேவாலயம், ரயில் நிலையம் எல்லாம் பார். போகும்போதே இடிபாடுகளில் இறங்கினால் முனைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் தனுஷ்கோடியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு நாளையே மாற்றிப் போடு.

அந்த இடிபாடுகளில் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஒரு பாசஞ்சர் ரயிலே ஆட்களோடு போன இடம் அது. செத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். பீடத்தில் ஏறி நின்று ரீல்ஸ் ஆடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் கூட்டத்தில் அது நடக்கக் கூடாது. சுவர் பவளப்பாறைக் கல், ஏறினால் உதிரும். பக்கத்துக் கொட்டகைகளும் செட் இல்லை, மீன்பிடி ஜனங்கள் குடியிருக்கும் வீடு. கேட்டுவிட்டுப் படம் எடு.

வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லிவிடு. மீறி இறங்கிச் சக்கரம் மணலில் புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழேதான் போகும். ஆட்களை இறக்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, சாக்கையோ ஓலையையோ போட்டு மெதுவாக எடுக்கச் சொல். ரோட்டுக்கு வந்ததும் மெதுவாக ஓட்டி வந்து ஊரில் காற்றடித்துக்கொள்ளுங்கள். டீசல் ஊரிலேயே போட்டுவிட வேண்டும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர், நனைத்த துணி ஒன்று. உப்புக்காற்று படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும். முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் சிம் வைத்திருக்கிறவர்களுக்கு அதற்கும் காசு. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைக்கச் சொல்.

காலைப் பலகாரத்துக்கு ஊருக்கு வந்துவிடலாம். கோயிலுக்குள் போன், கேமரா ரெண்டும் விடமாட்டார்கள். கோயில் பிரகாரம் என்று திரையில் வருவது பலமுறை வேறு கோயிலாகவோ செட்டாகவோ இருக்கும், அதனால் உள்ளே மார்க் தேடி அலைய வேண்டாம், கும்பிட்டுவிட்டு வாருங்கள். படத்துக்கு அக்னி தீர்த்தக் கரையும் கிழக்குக் கோபுர வீதியும் போதும். துறைமுகத்தில் படகுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் காட்சி பட்டியலில் இருந்தால் வெள்ளிக்கிழமை பகலில் வா. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகிறவை.

மதியம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மூன்றரைக்கு ராமர் பாதம். தீவிலேயே உயரமான இடம், லாங் ஷாட்டுக்கு எல்லாரும் ஏறுவார்கள். பக்கத்தில் 323 மீட்டர் டி.வி. டவர் நிற்கிறது. பிரிண்டில் டவர் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தால் கேமரா திசை பிடிபட்டுவிடும். தெரியவே இல்லையென்றால் அதற்கு முதுகைக் காட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேரே பாம்பன். ரோட்டுப் பாலத்தின் மேல் வேனை நிறுத்தினால் போலீஸ் விரட்டும், பாம்பன் முனையில் இறக்கிவிட்டு ஓரமாக நடத்திக் கூட்டிப் போ. ரயில் எப்போது வரும் என்பதைப் போனில் பார்த்துக்கொண்டு அதற்குப் பத்து நிமிஷம் முன்பே இடம் பிடி. மாலையில் மண்டபம் பக்கம் சூரியன் இறங்கும், பாலம் கறுப்புக் கோடாகத் தெரியும். முகம் தெரிய வேண்டுமென்றால் எதிரே ஒருவர் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். யூனிட்டில் இதற்கு தெர்மாகோல் வைப்பார்கள், பாலத்துக் காற்றில் அது நிற்காது.

பன்னிரண்டு பேரும் நீயும் டிரைவருமாகப் பதினாலு. பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர் காணாது, பதினேழு சீட் வண்டிதான் பேச வேண்டும். வாடகை நாள் கணக்கா கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டாவும் பார்க்கிங்கும் அதில் சேருமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன். வரும் தேதி, எத்தனை பேர் மீன் சாப்பிடுவார்கள், எத்தனை பேர் சைவம் என்பதை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடு தாயி. நகரை மீன் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
அப்பா