சுவரில் பதிக்கும் சுவிட்ச் பாக்ஸ்களை இடம் மாற்றிப் பரிந்துரைத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தூத்துக்குடியில் வீடு கட்டிவரும் உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளன)

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம்

பொருள்: உப்புக்காற்று படும் வெளிச்சுவருக்கு இரும்பு பாக்ஸும், உள்சுவரின் பெரிய பலகைகளுக்கு பிளாஸ்டிக் பாக்ஸும் பரிந்துரைத்து விற்றது; எர்த் திருகு (நில இணைப்பு ஒயரைக் கட்டும் திருகு) இல்லாத இரும்பு பாக்ஸ்களை வழங்கியது; அதன்பின் பொறுப்பேற்க மறுத்தது.

ஐயா,

வணக்கம். உங்கள் கட்டணமில்லாத் தொலைபேசி எண், உங்கள் டீலர், உங்கள் மதுரை மண்டல அலுவலகம், பிறகு மறுபடியும் அதே தொலைபேசி எண் என்று ஆள் மாற்றி ஆள் என்னை அலையவிட்ட பிறகு, ‘தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தீர்கள், யாருக்குத் திருப்தி என்று கேட்கலாமென்றால் அந்தச் செய்திக்குப் பதில் அனுப்பவும் வழியில்லை. ஆகவே நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீடு உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே ஜன்னல் கம்பி, கேட் கீல், சைக்கிள் செயின் எதுவும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டித் துருவேறாமல் இருந்ததில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கீழ்மட்ட பிளக் பாயிண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், சொந்த வீட்டு வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். டீலர் கடைக்கு வந்திருந்த உங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் வீட்டு வரைபடத்தை விரித்துக் காட்டி, கடல் பக்கம் எது, உள்பக்கம் எது என்று சொல்லித்தான், எந்த இடத்துக்கு இரும்பு, எந்த இடத்துக்கு பிளாஸ்டிக் என்று கேட்டேன். அவர் தம் கைப்பட ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளின் நகலை இணைத்துள்ளேன். வெளிச்சுவர், போர்ட்டிகோ, மொட்டை மாடிப் படி, மோட்டார் சுவிட்ச் ஆகியவற்றுக்கு ‘ஜி.ஐ. பாக்ஸ், துருப்பிடிக்காது’ (ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு) என்றும், கூடத்திலும் படுக்கை அறைகளிலும் உள்ள 12 மாடுல், 18 மாடுல் (ஒரு சிறிய சுவிட்ச் அடைக்கும் இடம் ஒரு மாடுல்) பலகைகளுக்கு ‘பி.வி.சி. போதும்’ என்றும் அதில் எழுதியிருக்கிறது.

உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகப் பூச்சு தகட்டின் முகத்தில்தான் இருக்கும், வெட்டிய விளிம்பிலும் பைப் நுழைப்பதற்காகத் தட்டி எடுக்கும் நாக்அவுட் வட்டத்தின் ஓரத்திலும் வெறும் இரும்புதான் என்பது உங்கள் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஈரப் பூச்சுக்குள்ளே உட்கார்ந்து, உப்புக்காற்றையும் குடித்தால் துரு அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்பும். அப்படித்தான் கிளம்பியது. வீட்டுக்கு வர்ணம் அடித்து ஒரு வடகிழக்குப் பருவமழைதான் கடந்தது. மோட்டார் சுவிட்சுக்குக் கீழே வெள்ளைச் சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கியது. பிளேட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பாக்ஸின் கீழ்மூலையில் வெள்ளை மாவு போலத் துத்தநாகம் பொரிந்து கிடந்தது. அதை விரல் நகத்தால் சுரண்டினால் அடியில் சிவந்த இரும்பு செதிள் செதிளாக உதிர்ந்தது. சுவிட்சைப் பிடித்திருந்த திருகைத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வந்தது.

உள்ளே இருந்த கதை வேறு. 18 மாடுல் பாக்ஸ் நீளமானது. அதன் மேல் கலவையும் பூச்சும் அழுத்தும்போது பிளாஸ்டிக் பக்கச்சுவர் உள்வாங்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் அதைக் கூடத்துச் சுவருக்கு எப்படிப் பரிந்துரைத்தீர்கள்? எங்கள் கொத்தனார் உள்ளே தெர்மாகோல் அடைத்துத்தான் பூசினார். அப்படியும் பூச்சு இறுகிய பிறகு பார்த்தால் மேல் விளிம்பு நடுவில் தொங்கியிருந்தது. பிளேட்டை வைத்தால் ஒரு மூலை உட்கார்கிறது, எதிர்மூலை எழும்புகிறது. எழும்பிய இடத்தில் பத்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம். இழுத்து முடுக்கலாம் என்றால் திருகு ஏறும் காதில் பித்தளைக் குழல் இல்லை, வெறும் பிளாஸ்டிக்தான். இரண்டாவது முறை திருகியதும் மரை தேய்ந்து, திருகு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட் வைக்கும் இடங்களில் இப்படி ஆடிக்கொண்டிருந்தால், பிளக்கைச் செருகி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் ஒயர் இழுபட்டு, இணைப்பு தளர்ந்து, சூடேறும் என்பதை உங்கள் பொறியாளர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அந்த இடங்களில்தான் விறைப்பாக நிற்கிற, தீப்பிடிக்காத இரும்பு பாக்ஸ் வேண்டும். கடல் பார்த்த சுவரில்தான் துருவே ஏறாத பிளாஸ்டிக் வேண்டும். நீங்கள் இரண்டையும் நேர்மாறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

மற்றொன்று இவை எல்லாவற்றையும் விடப் பெரியது, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த இரும்பு பாக்ஸ்களில் எர்த் திருகு இல்லை. உங்கள் விலைப்புத்தகத்தில் அந்தப் பொருளுக்கு நேராக ‘எர்த் முனையுடன்’ என்று அச்சாகியிருக்கிறது. எஃகுப் பாக்ஸ்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 5133 முதல் பகுதி என்று அதே பக்கத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் இரும்புப் பைப்பில் வயரிங் செய்தபோது பைப்பும் பாக்ஸும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்ததால், பைப் வழியாகவே பாக்ஸுக்கும் எர்த் கிடைத்தது. இன்று எல்லா வீட்டிலும் பி.வி.சி. பைப். ஒவ்வொரு இரும்பு பாக்ஸும் சுவருக்குள் தனித்து நிற்கிறது. பச்சை நிற எர்த் ஒயரை அதில் திருகிக் கட்டாவிட்டால், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் ஒன்றின் தோல் அந்தக் கூரான நாக்அவுட் ஓரத்தில் உரசிக் கிழிந்த அன்றைக்கு, 230 வோல்ட் முழுவதும் அந்தத் தகட்டில் வந்து நிற்கும். எர்த் இருந்தால் மறுகணமே எம்.சி.பி. (தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். இல்லையென்றால் யாராவது தொடும்வரை காத்திருக்கும். மழைக்குப் பின் போர்ட்டிகோ பாக்ஸின் திருகில் எங்கள் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்தபோது விளக்கு எரிந்தது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. நாங்கள் போட்டிருக்கிறோம் என்பது எங்கள் முன்ஜாக்கிரதை, அதற்கும் உங்கள் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை. என் பேத்தி அந்தச் சுவரோரம்தான் சைக்கிள் ஓட்டுவாள். எங்கள் குடும்பமே அழிந்திருக்கும், ஐயா.

இதைச் சொல்வதற்காகத்தான் சுமார் 150 கிலோமீட்டர் பயணம் செய்து மதுரைக்கு வந்தேன். துருப்பிடித்த பாக்ஸ் ஒன்றையும் கோணிப்போன பாக்ஸ் ஒன்றையும் சுவரிலிருந்து உடைத்தெடுத்துத் துணிப்பையில் கொண்டு வந்திருந்தேன். காலையில் வரச்சொன்ன உங்கள் சேவை அதிகாரி, மதியச் சாப்பாடு முடிந்து சாவகாசமாகத்தான் என்னை அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை. பாக்ஸ்களை மேசைமேல் வைத்ததும், ‘மேசை அழுக்காகுது, கீழே வைங்க’ என்றார். எர்த் திருகு எங்கே என்று கேட்டேன். ‘நீங்க எலக்ட்ரீஷியனா சார்? இல்லல்ல? அப்புறம் எதுக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கிறீங்க? பாக்ஸ்தானே, சுவத்துக்குள்ள போறது, யாரு பார்க்கப் போறா?’ என்று, அங்கிருந்த இரண்டு பெண் ஊழியர்கள் சிரிக்கும்படி சத்தமாகச் சொன்னார். என் வயதில் பாதிகூட இருக்காது அவருக்கு. நான் 35 ஆண்டுகள் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன், எவரையும் இப்படி நிற்கவைத்துப் பேசியதில்லை.

பிறகு அவர் ஓர் அச்சிட்ட தாளை நீட்டினார். சுவரில் பதித்த பிறகு பாக்ஸுக்கு உத்தரவாதம் கிடையாது என்று அதில் இருக்கிறது. அன்பு கூர்ந்து இந்த விதியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரிவியுங்கள். சுவரில் பதிப்பதற்கென்றே செய்து விற்கிற பொருளைச் சுவரில் பதிக்காமல், உண்டியலாக வைத்துக் காசு போடவா நான் வாங்கினேன்? உங்கள் தொலைபேசிப் பெண்மணி மட்டும் மரியாதையாகப் பேசினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவரும் ‘இரும்பா பிளாஸ்டிக்கா என்பது வாடிக்கையாளரின் விருப்பம் சார்’ என்றுதான் முடித்தார். விருப்பம் என்றால், உங்கள் பிரதிநிதி கையெழுத்தில் உள்ள தாள் எதற்கு? பார்வையிட வந்த உங்கள் டெக்னீஷியனோ கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டு, பொருத்தியவர் தவறு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எந்தப் பாக்ஸையும் அவர் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் தகடு என்று விற்ற பாக்ஸை லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வெர்னியரில் அளந்தார். பூச்சையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை.

தை மாதத்தில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தோம். பத்திரிகை அச்சடித்த பிறகு நாளைத் தள்ளிவைத்தோம். சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறியது. வர்ணம் அடித்து முடித்த சுவரை மறுபடி உடைத்து, காடி வெட்டி, பூசி, பட்டி பார்த்து, வர்ணம் அடிப்பது என்பது பாக்ஸ் விலையைப் போலப் பல மடங்கு. உங்கள் பாக்ஸின் விலையைத் திருப்பித் தருகிறோம் என்று டீலர் சொன்னது, வீட்டை இடித்துவிட்டு ஒரு செங்கல்லுக்குக் காசு கொடுப்பதாகத்தான் எனக்குப் பட்டது. நான் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போட்ட வீடு உங்களால் பாழாய்ப்போய்க் கிடக்கிறது.

நான் சண்டைக்காரன் அல்லன். உங்கள் சுவிட்சுகளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவை நன்றாகவே இருக்கின்றன. ஆகவே கேட்பது இவ்வளவுதான். வெளிச்சுவர் முழுவதற்கும் தீ தாங்கும் தரமான பிளாஸ்டிக் பாக்ஸும், உள்ளே பெரிய பலகைகளுக்கும் 16 ஆம்பியர் இடங்களுக்கும் எர்த் திருகோடு கூடிய முழுக் கனமுள்ள இரும்பு பாக்ஸும் கொடுத்து, மாற்றும் கொத்து வேலை, வர்ண வேலைச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். என் மகன் மாடியறையில் வைஃபை சுவிட்ச் வைக்க விரும்புகிறான். இரும்புக்குள் சிக்னல் குறையும் என்பதால் அந்த ஒரு பாக்ஸ் மட்டும் உள்ளேயும் பிளாஸ்டிக்கே இருக்கட்டும், ஆனால் மரைக்குப் பித்தளைக் குழல் உள்ளதாக இருக்க வேண்டும். எந்த இடத்துக்கு எது என்பதை இம்முறை உங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, நிறுவனத்தின் முத்திரையோடு எழுதித் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம்கூட இல்லை என்பதை விசாரித்து வைத்திருக்கிறேன். விலைப்புத்தகத்தில் தர எண்ணைப் போட்டுவிட்டு எர்த் முனை இல்லாமல் விற்றதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் படங்களோடு எழுதுவேன். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை, போக வைத்துவிடாதீர்கள்.

உடைத்தெடுத்த பாக்ஸ்களை எறியாமல் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து கழற்றி, அளந்து பார்க்கலாம். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தால் எலக்ட்ரீஷியனையும் வரச்சொல்லி வைப்பேன். அந்த மதுரை அதிகாரியை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பிரதிநிதி எழுதிக் கொடுத்த தாளின் நகல், விலைப்புத்தகப் பக்கம், படங்கள்.