ஒப்பந்த ஊதியத்தில் பிடிக்கும் வரி: பணி ஆணையிலேயே எழுதித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆறு மாதம், பத்து மாதம் என்று குறுகிய கால ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் தங்கள் வருமானத்தை வருமானவரிக் கணக்கில் எப்படிக் காட்டுகிறார்கள், அல்லது காட்டாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது குறித்து எழுதுகிறேன். கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், ஜூன் மாதம் பிறந்ததும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள உறவினர்களின் பிள்ளைகள் கையில் தாள்களோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: “மாமா, பத்து பர்சன்ட் பிடிச்சாச்சுல்லா, பின்ன எதுக்கு ரிட்டர்ன்?”

இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. ஆனால் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ, நாகர்கோவிலில் உள்ள சிறு மென்பொருள் நிறுவனத்திலோ, சாலைப் பணி எடுத்த ஒப்பந்ததாரரின் சைட்டிலோ வேலைக்குச் சேரும் ஒரு பொறியியல் பட்டதாரிக்குக் கிடைக்கும் பணி ஆணையில், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்ற இரண்டு விவரங்களுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. அந்தப் பணம் சம்பளமாகத் தரப்படுகிறதா, தொழில்முறைக் கட்டணமாகத் தரப்படுகிறதா என்பதைச் சொல்லும் ஒரு வரியை நான் பார்த்த ஆணைகளில் காண்பதே அரிதாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் தொகை குறைந்து வந்து விழும்போதுதான் வரி பிடித்த செய்தியே தெரியவருகிறது. ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுகிய கால ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் எவரும், எந்தப் பிரிவின் கீழ், எத்தனை சதவீதம் வரி பிடிக்கப் போகிறோம், பிடித்ததற்கான சான்றிதழை (2025-26 நிதியாண்டு வரை அது படிவம் 16ஏ) எப்போது தருவோம் என்பதைப் பணி ஆணையிலேயே எழுதித் தர வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிடித்தம் செய்யும் வரி, அதாவது டி.டி.எஸ்., இறுதி வரி ஆகாது. அது நம் பெயரில் அரசுக் கணக்கில் முன்கூட்டியே கட்டப்படும் பணம். இக்கடிதத்தில் நான் சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின்படியானவை. அதன் 194ஜே பிரிவின்படி, ஒருவருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதமும், தொழில்நுட்பச் சேவைக் கட்டணமானால் 2 சதவீதமும் பிடிக்க வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டாலோ, ஆதாருடன் இணைக்காமல் பான் செயலிழந்திருந்தாலோ 20 சதவீதம் போய்விடும். அதே நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவுத் தள்ளுபடியால் வரியே இல்லை. அப்படியானால் நம் ஊரில் ஒப்பந்த வேலை பார்க்கும் மிகப் பெரும்பாலோரிடம் பிடித்த தொகை முழுவதும் அவர்களுக்கே திரும்பி வர வேண்டிய பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் அது திரும்பி வர வழியில்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு மென்பொருள் பணியாளருக்கு மாதம் 24,000 ரூபாய் வீதம் ஆறு மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,400 ரூபாய் பிடித்து 21,600 ரூபாய் கையில் வரும். ஆறு மாதத்தில் கொடுத்தது 1,44,000, பிடித்தது 14,400. அதன் பின் அவர் சென்னையில் 40,000 ரூபாய் சம்பளத்தில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்து, அந்த நிதியாண்டின் மீதி ஆறு மாதத்தில் 2,40,000 ரூபாய் பெறுகிறார். சம்பளத்துக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. தகவல் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம், சட்டம், கணக்கியல் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு 44ஏடிஏ பிரிவு ஒரு நல்ல வசதியைத் தருகிறது: பெற்ற தொகையில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்கத் தேவையில்லை. அப்படிப் பார்த்தால் சம்பளத்திலிருந்து 1,65,000, ஒப்பந்தத்திலிருந்து 72,000, ஆக மொத்தம் 2,37,000 ரூபாய். புதிய முறையின் அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைக்கூட இது எட்டவில்லை. 14,400 ரூபாயும் வட்டியோடு திரும்ப வரும். அவர் செய்ய வேண்டியது, ஐ.டி.ஆர்.-4 என்ற ரிட்டர்ன் படிவத்தில் இரண்டு வருமானங்களையும் அதனதன் இடத்தில் எழுதித் தாக்கல் செய்து, 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்ப்பதுதான்.

நடப்பது வேறு. வருமானவரித் துறையின் இணையதளத்தில் நுழைந்ததும், சம்பளக்காரர்களுக்கான ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் சென்னை நிறுவனத்தின் சம்பளம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுத் தயாராக இருக்கும். பார்த்த பிள்ளை அப்படியே அனுப்பிவிடுகிறது. ஒப்பந்தத் தொகை விட்டுப்போகிறது, அல்லது ‘இதர வருமானம்’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் அதே இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்தால், பணம் கொடுத்தவர் பெயர், வரி பிடிப்பவர் என்ற முறையில் அவருக்குத் தரப்பட்ட டான் எண், 194ஜே என்ற பிரிவு, எந்தக் காலாண்டு, கொடுத்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கிறது. நம்மிடம் இருக்கும் விவரம் அத்தனையும் துறையிடம் முன்பே இருக்கிறது. பிடித்த வரியை மட்டும் திரும்பக் கேட்டுவிட்டு அதற்குரிய வருமானத்தைக் காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வருவது இதனால்தான். ஏ.ஐ.எஸ்.ஸைத் திறந்து ஒரு வரி விடாமல் படிக்காமல் யாரும் ரிட்டர்னைத் தொடக்கூடாது என்று என்னிடம் வருபவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

வருமானம் குறைவு என்பதால் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஓராண்டில் ஒருவரிடம் பிடித்த வரி 25,000 ரூபாயை எட்டினால், மூத்த குடிமக்களானால் 50,000 ரூபாயை எட்டினால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம். 10 சதவீதம் பிடிக்கும் இடத்தில் 2,50,000 ரூபாய் ஒப்பந்தத் தொகை பெற்றாலே அந்த எல்லை வந்துவிடும். மாதம் 21,000 ரூபாய் வாங்கும் ஒருவர் தன்னை இந்த விதிக்குள் வருபவராக நினைத்துப் பார்ப்பாரா?

எல்லா ஒப்பந்தங்களும் ஒன்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கல்லூரிகளில் தொகுப்பூதியத்துக்கும் மதிப்பூதியத்துக்கும் பாடம் நடத்துவோர் நம் மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடமும் 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடிக்கும் நிர்வாகங்கள் உண்டு. ஆனால் 44ஏடிஏ பிரிவுக்கான தொழில்களின் பட்டியலில் ஆசிரியப் பணி இல்லாததால், அவர்கள் பாதியை வருமானமாகக் காட்டும் வசதியைப் பயன்படுத்த முடியாது, ஐ.டி.ஆர்.-3 படிவத்தில், பணிக்காகச் செய்த செலவுகளை ரசீதுகளோடு கழித்துக் காட்டுவது பாதுகாப்பானது. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, நிர்வாகம் வகுத்த நேரத்தில் வந்து போய், விடுப்புக்கு விண்ணப்பம் எழுதி, மேலதிகாரியின் கட்டளைப்படி வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுப்பது உண்மையில் சம்பளம்தானே? ஆணையின் தலைப்பில் ‘ஒப்பந்தம்’ என்று எழுதிவிட்டதால் மட்டும் அது தொழில்முறைக் கட்டணம் ஆகிவிடாது. மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களைப் பற்றி இதே கேள்வி உயர் நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. 194ஜே பிரிவில் பிடித்து, வருங்கால வைப்பு நிதியும் இல்லாமல் செய்துவிடுவது நிர்வாகத்துக்கு வசதி. 75,000 ரூபாய் கழிவை இழப்பதும், படிவங்களோடு போராடுவதும் உழைப்பவருக்கு. ஒரு செவிலியரோ விரிவுரையாளரோ இதைத் தட்டிக் கேட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சம் இருக்கிறது. அதனால்தான் கேட்டபின் தருவதாக இல்லாமல், சேரும் நாளிலேயே எழுத்தில் தர வேண்டும் என்கிறேன்.

பெயிண்டிங், எலக்ட்ரிக்கல், மண் வேலை என்று உள்ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு 194சி பிரிவில் 1 சதவீதம் பிடிப்பார்கள். அவர்களுடைய கணக்கு வேறு வகை, இங்கே விரிக்கவில்லை.

தன் வருமானத்துக்கு வரி வராது என்று உறுதி கூறும் 15ஜி படிவத்தை எழுதிக் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள் என்றொரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. வங்கி வைப்புத்தொகை வட்டிக்கு அது செல்லும். 194ஜே, 194சி பிரிவுகளுக்குச் செல்லாது. இந்தப் பிரிவுகளில் குறைவாகப் பிடிக்க வேண்டுமானால் 197ஆம் பிரிவின்படி படிவம் 13-இல் துறையிடம் விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டும். பழைய வரி முறையில் தாக்கல் செய்ய விரும்பும் ஒப்பந்தப் பணியாளர் 10-ஐஇஏ படிவத்தை உரிய நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு இந்தப் படிவம் தேவையில்லை என்பதால், நண்பனிடம் கேட்டுச் செய்பவர்கள் இங்கே இடறுகிறார்கள்.

கம்ப்யூட்டர் சென்டர்களில் கொடுத்துத் தாக்கல் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. நேர்மையாகச் செய்து தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் என்னிடம் வந்த சில கணக்குகளில், பதிவு செய்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் சென்டர்காரருடையவையாகவே இருந்தன. துறை அனுப்பிய நோட்டீஸ் அவருடைய மின்னஞ்சலுக்குப் போய், உரியவர் கண்ணில் படாமலே பதில் சொல்லும் காலம் கடந்திருந்தது. ரீஃபண்ட் கூடுதலாக வரட்டும் என்று, கட்டாத காப்பீட்டுத் தொகையையும் கொடுக்காத நன்கொடையையும் சேர்த்து எழுதும் இடங்களும் உண்டு. இத்தகைய பொய்க் கழிவுகளுக்காக 2025 ஜூலையில் வருமானவரித் துறை நாடு முழுவதும் பல இடங்களில் சோதனை நடத்தியது. யார் தட்டச்சு செய்திருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் பான் எண்ணுக்கு உரியவரே.

இனி பணம் கொடுப்பவர்களின் கடமைக்கு வருகிறேன். வரியைப் பிடித்த நிறுவனம் காலாண்டுதோறும், யாரிடம் எவ்வளவு பிடித்தது என்ற விவரம் அடங்கிய 26க்யூ அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குரிய கடைசி நாளிலிருந்து 15 நாட்களுக்குள் படிவம் 16ஏ-வைத் தர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு அது ஜூன் 15. தராமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பிடித்த தொகையை அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் நிறுவனங்களால் வரும் துயரம் இன்னும் பெரிது. பிடித்த வரியை மறுபடியும் பணியாளரிடம் கேட்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது, ஆனால் ஏ.ஐ.எஸ்.ஸில் அந்த வரி இல்லாதபோது, பிடித்ததை நிரூபிக்கும் சுமை நடைமுறையில் பணியாளர் தலையில்தான் விழுகிறது. ஊதியச் சீட்டும் வங்கி அறிக்கையும் பத்திரமாக இருந்தால்தான் அவரால் வாதாட முடியும். ஒப்பந்தம் முடிந்து, அலுவலகம் இடம் மாறி, பழைய கணக்காளரும் வேலையை விட்டுப் போன பிறகு 16ஏ கேட்டு அலையும் பிள்ளைகளின் பாட்டை நான் அருகிலிருந்து பார்க்கிறேன். வாங்கிய சம்பளமே சொற்பம். அதில் பத்தில் ஒரு பங்கை இப்படி விட்டுக்கொடுப்பது அநியாயம்.

காலக்கெடுவும் இரக்கம் காட்டுவதில்லை. உரிய நாளைத் தவறவிட்டவர்கள் மதிப்பீட்டு ஆண்டின், அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். அதையும் தவறவிட்டால், நான்கு ஆண்டுகள் வரை அனுமதிக்கப்படும் புதுப்பித்த தாக்கலான ஐ.டி.ஆர்.-யு படிவம் ரீஃபண்ட் கேட்க உதவாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி 119ஆம் பிரிவின்கீழ் காரணம் காட்டித் தனியே விண்ணப்பிக்கும் வழி மட்டுமே மிஞ்சும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, ‘வரி ஆண்டு’ என்ற புதிய முறையோடு பிரிவு எண்களும் மாறிவிட்டதால், இந்த ஆண்டு பழைய எண்களும் புதிய எண்களும் ஒருசேரக் காதில் விழுந்து குழப்பம் கூடவே செய்யும்.

நாகர்கோவிலில் உள்ள வருமானவரி அலுவலகமும், மாவட்டத்தில் உள்ள கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளும் சேர்ந்து, இறுதியாண்டு மாணவர்களுக்கு ஏ.ஐ.எஸ். படிக்கவும் ஐ.டி.ஆர்.-4 நிரப்பவும் ஒரு நாள் பயிற்சி தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லூரி நிர்வாகங்கள் தங்கள் சொந்த ஒப்பந்த ஆசிரியர்களின் பணி ஆணைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். தங்கள் நாளிதழும் மாவட்டப் பக்கத்தில் தாக்கல் காலம் முடியும் வரை வாரம் ஒரு நாள், தகுதி பெற்ற ஆடிட்டர் ஒருவரைக் கொண்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். பிடித்த வரியை நிறுவனம் கட்டாமல் விட்டிருந்தால் பணியாளர் எந்த அதிகாரிக்கு, என்னென்ன ஆவணங்களுடன் மனு எழுத வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே விளக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.